மஞ்சள் குண்டும் ஒரு கட்டி வெண்ணெயும்

ஜூன் மாதத்திலிருந்து வெர்லின் டாகெட் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒழுங்கான வெண்ணெய்க் கட்டி ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் நடுவில் ஒரு பள்ளம். சிலவற்றில் விரல் நுழையும் அளவுக்கு, சிலவற்றில் லேசாக நசுங்கினாற்போல. மேலே சுற்றிய மெழுகுத்தாளைப் பிரிக்காமலேயே யாரோ அமுக்கிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்த மாதிரி இருக்கும். வெர்லினின் மனைவி நெல்டா முதலில் கடைக்காரரைத் திட்டினாள். பிறகு குளிர்பெட்டியைத் திட்டினாள். எழுபத்தொரு வயதுப் புருஷன்மேல் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் டாமராக் ஃபோர்க் ஊரில் வெர்லினைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் பேசிக் கேட்டவர்கள்தான் குறைவு. முப்பத்தோரு வருஷம் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்திலிருந்த டயர் கடையில் வேலை பார்த்தார். அந்தக் கடைக்கு ஒரு அக்டோபர் காலையில் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து ஒன்று நொண்டிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டிவந்த பெண் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. வெர்லின் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்வரை அவள் பேருந்தின் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றாள். பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினாள். வெர்லின் வாங்கிக்கொண்டு, "நட்டு இப்ப இறுக்கமா இருக்கு" என்றார். அவர் காதலைச் சொன்னது அவ்வளவுதான். ஆறு மாதத்தில் கல்யாணம். அந்தப் பெண்தான் நெல்டா. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் ஏழாம் தடத்துப் பேருந்தை அவள்தான் ஓட்டினாள்.

எங்கள் ஊர் சுடும் மன்றத்தில் செப்டம்பர் முதல் சனிக்கிழமை போட்டி. தகரத்தில் வெட்டிய கோழிகளை இரும்புத் தண்டவாளத்தின்மேல் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். இடமிருந்து வலமாக, வரிசை தப்பாமல், நின்றபடியே சுட்டு விழுத்த வேண்டும். கல்யாணமான வருஷம் வெர்லின் மனைவியைச் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் அழைத்துப்போனார். அவள் "நானும் சுடறேனே" என்றாள். பத்துக் கோழியில் எட்டு அவளுக்கு, நாலு அவருக்கு. அடுத்த வருஷத்திலிருந்து வெர்லின் போட்டியில் நிற்கவே இல்லை. அவளுக்குக் குண்டு வார்க்கிற ஆளாகிவிட்டார். இதில் அவருக்கு வருத்தம் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு வெர்லினைத் தெரியாது. இவ்வளவு வருஷத்தில் நெல்டா போட்டியில் சுட்ட ஒவ்வொரு குண்டும் அவர் கையால் உருக்கி, ஊற்றி, தனித்தனியாக எடைபோட்டது. சக்கரத்தின் ஓரத்தில் எடை சமப்படுத்த மாட்டுகிற ஈயத் துண்டுகள் டயர் கடையில் வாளி வாளியாகக் கழியும். அதையெல்லாம் கொட்டகையில் சேர்த்துவைத்திருந்தார். ஈயம் தொட்ட கையை முழங்கைவரை தேய்த்துக் கழுவாமல் வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது என்பது நெல்டா போட்ட சட்டம். கொட்டகையில் குண்டைச் சூடாக்குகிற பழைய ஓவனின் நெற்றியிலும் 'இதில் சோறு ஆக்காதே' என்று அவளே எழுதிவைத்திருந்தாள்.

இந்தப் பிப்ரவரியில் நெல்டாவின் வலது தோள்மூட்டை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். ஜூனில் மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பழைய துப்பாக்கியை மறந்துடுங்க, நெல்டா. வீட்டுக் கதவைத் தோளால தள்ளுவீங்கல்ல, அந்த அளவு இடி தாங்கும். அதுக்கு மேல போனா மூட்டு ஆட ஆரம்பிச்சிடும். மறுபடியும் அறுக்கணும். ரெண்டாவது தடவை இவ்வளவு நல்லா வராது."

வண்டியில் திரும்பும்போது நெல்டா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். "இந்த வருஷம் நான் மார்க்கு எழுதறேன். சில்லிக் குழம்பு ஊத்திக் குடுக்கவும் ஆள் வேணும்ல" என்றாள்.

"வருத்தமா, கண்ணு?"

"ஒண்ணுமில்ல."

இந்த 'ஒண்ணுமில்ல' பற்றிச் சொல்லியாக வேண்டும். கால் விரல் முறிந்து இரண்டு வாரம் பேருந்து ஓட்டினாள், கேட்டவர்களுக்கெல்லாம் ஒண்ணுமில்ல. மகள் பிறந்த அன்று காலையிலும் அதே பதில்தான். அதை நம்பி வெர்லின் வேலைக்குப் போனார். பிள்ளை டயர் கடை வண்டியிலேயே பிறந்துவிடுமோ என்று ஊரே பதறியது. நெல்டாவுக்கு வலி இருக்கிறதா என்று நெல்டாவிடம் கேட்டுப் பயனில்லை. நாற்பது வருஷத்தில் வெர்லின் கற்றுக்கொண்ட பெரிய பாடம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த துப்பாக்கிப் பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். காலால்தான் தள்ளினாள். வெர்லின் சமையலறையிலிருந்து அதைப் பார்த்தார். அவளை மறுபடி சுடும் கோட்டில் நிறுத்த வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். ஆனால் மூட்டு ஆடக்கூடாது. ஆடினாலும் அவள் சொல்லமாட்டாள்.

மறுநாளே மன்றத்தின் பொறுப்பாளர் டுவேனிடம் போய் அவருடைய செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியைக் கடன் கேட்டார். அந்த வகைத் துப்பாக்கியில் ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்து ஏற்ற வேண்டாம். சுட்ட புகையில் ஒரு பங்கு குழலிலுள்ள ஊசித்துளை வழியாகத் திரும்பி வந்து, காலி உறையை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். அதனாலேயே தோளுக்கு வந்து சேரும் இடி குறைவு. தோட்டாவிலுள்ள வெடிமருந்தைக் குறைத்தால் இடி இன்னும் குறையும். ஆனால் ரொம்பக் குறைத்தால் துப்பாக்கி சோம்பல் பட்டுக்கொண்டு உறையை எறியாமல் வாயிலேயே கடித்துக்கொண்டு நிற்கும். அதோடு, வெறும் ஈயக் குண்டு குழலில் அப்பிக்கொள்ளும், அந்த ஊசித்துளையை அடைக்கும். அதற்குத்தான் குண்டின்மேல் வண்ணப்பொடி பூசிச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது. ஒரு டப்பாவில் குண்டும் பொடியும் போட்டுக் குலுக்கினால் பொடி தானாக ஒட்டும். ஓவனில் வைத்தால் மேலே கண்ணாடி மாதிரி ஒரு தோல் பிடித்துக்கொள்ளும். சுத்தியலால் தட்டித் தகடாக்கினாலும் அந்தத் தோல் உரியக்கூடாது. உரியாவிட்டால் பூச்சு தேறியது.

வெர்லின் தேர்ந்தெடுத்த பொடியின் நிறம் மஞ்சள்.

மந்தாரமான ஒரு ஜூலை மத்தியானம், மழை வருமோ என்று பார்த்துக்கொண்டே வெர்லினும் டுவேனும் சுடுதளத்தில் நின்றார்கள். டுவேன் ஒரு குண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யோவ் வெர்லின், என்னய்யா இது, குண்டுக்கு மஞ்சக்காமாலையா?"

"பெயின்ட்."

"அது தெரியுது. சிவப்பு ஒட்டும், நீலம் ஒட்டும், பச்சைகூட ஒட்டும். மஞ்சள் டப்பாவுல குலுக்கினா ஒட்டாதுன்னு இந்த ஊர்ல பொறந்த நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். உனக்குத் தெரியாதா?"

"மஞ்சள்தான்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"பஸ்ஸு" என்றார் வெர்லின்.

டுவேனுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது புரிய. அவருடைய இரண்டு பையன்களும் ஏழாம் தடத்தில் போய் வந்தவர்கள்தான். அவர் குண்டை மெதுவாகப் பெட்டியில் திருப்பிப் போட்டுவிட்டு, "சரி, சுடு" என்றார்.

வெர்லின் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு கட்டி வெண்ணெயை எடுத்தார். தாளோடு அப்படியே ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் வைத்து, அதன்மேல் துப்பாக்கியின் அடிக்கட்டையை அணைத்துக்கொண்டார். ஒரு தடவை சுட்டால் வெண்ணெயில் ஒரு பள்ளம். எவ்வளவு பள்ளமோ அவ்வளவு இடி. தன் தோள் மாட்டுத்தோள், அது எதையும் உணராது என்று அவருக்குத் தெரியும். நெல்டாவின் வாய் எதையும் சொல்லாது என்பதும் தெரியும். வெண்ணெய் பொய் சொல்லாது அல்லவா.

டுவேன் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் ஒண்ணும் கேக்கல" என்றார்.

மூன்றாவது குண்டோடு துப்பாக்கி உறையைக் கடித்துக்கொண்டு நின்றது. திறந்து குழலுக்குள் பார்த்தால் உள்ளே ஈயம் கோடு கோடாக இழுவிக்கிடந்தது, நடுநடுவே மஞ்சள் செதில். பூச்சு உரிந்துபோயிருந்தது. மீதிக் குண்டில் ஒன்றைக் கல்லில் வைத்துத் தட்டினார்கள். முட்டை ஓடு மாதிரி தெறித்தது.

"சிவப்பு போடு. குண்டு போற வேகத்துல அது என்ன நிறம்னு கோழிக்கா தெரியப்போகுது?"

வெர்லின் மிச்ச மஞ்சள் குண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார். துப்பாக்கியைத் துடைத்துச் சுத்தம் செய்யவே பாதி நாள் போயிற்று.

இந்தத் தோல்வியைவிட அவரைக் குடைந்தது வேறொன்று. பள்ளத்தை அளக்கிறோம், சரி, எதோடு ஒப்பிடுவது? கதவைத் தள்ளுகிற அளவு என்றார் மருத்துவர். எந்தக் கதவு? வீட்டுக் கதவு. வெர்லின் நேர் மனிதர். வீட்டுக் கதவு என்றால் வீட்டுக் கதவுதான்.

அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் சுருள்கம்பி வைத்த வலைக்கதவு ஒன்று உண்டு. திங்கட்கிழமை காலையில் நெல்டா ஈரத்துணிக் கூடையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வலது தோளால் அந்தக் கதவைத் தள்ளித்தான் வெளியே வருவாள். இத்தனை வருஷமாக அப்படித்தான். வெர்லின் கதவில் அவள் தோள் உயரத்தைக் கண்ணால் அளந்து, ஒரு கட்டி வெண்ணெயை ரப்பர் பட்டை போட்டுக் கட்டிவிட்டுக் கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். மெழுகுத்தாளில் ஓரம் கிழிந்திருந்ததை மட்டும் பார்க்கவில்லை.

கதவு திறந்தது.

"வெர்ல்."

அவர் மூச்சைக்கூட விடவில்லை.

"வெர்ல், நீ கொட்டகையிலதான் இருக்கேன்னு எனக்குத் தெரியும். என் சட்டையில ஏன் வெண்ணெய் இருக்கு?"

வெர்லின் வெளியே வந்தார். அவள் சட்டையைப் பார்க்கவில்லை. நேராகக் கதவுக்குப் போய், வெண்ணெய்க் கட்டியை அவிழ்த்து, பள்ளத்தில் தீக்குச்சியை வைத்து நகத்தால் அடையாளம் போட்டார். அப்புறம்தான் மனைவி பக்கம் திரும்பினார். இனி மறைக்க எதுவுமில்லை. படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். டுவேனின் துப்பாக்கி, மஞ்சள் பொடி, பள்ளம், கதவு. அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நெல்டா முதலில் சிரித்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு கோபம் வந்துவிட்டது.

"ரெண்டு மாசமா கடைக்காரனைத் திட்டிட்டிருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேட்டா என்ன? சுட்டுப் பார்த்துட்டு நானே சொல்லியிருப்பேன்ல, வலிக்குதா இல்லையான்னு."

"நீ சொல்லமாட்ட."

"ஏன் சொல்லமாட்டேன்?"

"ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவ. மூட்டு கழண்டு கையில வந்தாலும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவ. நான் அதை நம்பி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவேன்."

அவள் வந்து பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். சட்டையிலிருந்த வெண்ணெயை விரலால் வழித்துப் புல்லில் துடைத்தாள்.

"மஞ்சள் எதுக்கு?"

"ஏழாம் தடம்."

அவள் வெர்லினுடைய பெரிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஈரத்துணி கூடையிலேயே கிடந்தது.

"அந்த டப்பாவைக் கொண்டா, பார்க்கலாம்" என்றாள் கடைசியில்.

கொட்டகையில் அவர் குலுக்கிக் காட்டினார். நெல்டா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். குண்டுகளின் மேல் மஞ்சள் திட்டுத் திட்டாகத்தான் பிடித்திருந்தது.

"என் கோழிக்கறிக்கு மாவு இப்படித்தான் பிரட்டுவேனா? ஈரக்கோழியை மாவுல போட்டா கட்டி கட்டியாத்தான் ஒட்டும். மழை வர்ற மாதிரி இருக்கிற நாள்ல பொடியைத் தொறந்தா அது நமுத்துப்போகாம என்ன செய்யும்? குண்டை மொதல்ல அந்த ஓவன்ல வெதுவெதுன்னு காயவை. அப்புறம், நான் ரெண்டு தடவை பிரட்டுவேனே, நீ பார்த்ததில்லையா? மொதல்ல ஒட்டறதை ஒட்டவை, அதுமேல ருசிக்கு வேணுங்கறதைப் போடு."

நாற்பது வருஷமாக அவள் பொரித்த கோழியைத் தின்ற மனுஷனுக்கு இது தோன்றவில்லை. நெல்டா போனில் கேட்டதும் டுவேன் அன்று சாயங்காலமே ஒரு டப்பா சிவப்புப் பொடியை வேலிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, ஹாரன்கூட அடிக்காமல் போய்விட்டார்.

ஆகஸ்ட்டில் வெயில் உறைத்த ஒரு நாளில் உள்ளே சிவப்பு, மேலே மஞ்சள் என்று இரண்டு பூச்சு கொடுத்தார். இரண்டு பூச்சில் குண்டு பருத்துவிட்டது, துப்பாக்கிக்குள் போக மறுத்தது. ஒவ்வொன்றையும் சரியான அளவுத் துளையில் விட்டு அழுத்தி எடுத்தார். சுத்தியலால் தட்டினால் சப்பாத்தி மாதிரித் தட்டையானது, தோல் உரியவில்லை. மருந்தைக் கையேடு சொன்ன எல்லைக்குள் துளித்துளியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டி வெண்ணெய். பதினோராவது கட்டியில் துப்பாக்கியும் தூங்கவில்லை, பள்ளமும் தீக்குச்சியில் நகத்தால் போட்ட அடையாளத்தை எட்டவில்லை. டுவேன் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

ஆனாலும் வெர்லினுக்குத் தூக்கமில்லை. அளந்தது அவர் தோளில் வைத்துத்தானே. எலும்புக்கு எலும்பு வித்தியாசம் உண்டே. அவள் தோளில் எப்படி இருக்குமோ. போட்டிக்கு முன்னால் ஒரு குண்டாவது சுட்டுப்பார் என்று சொல்லலாம், ஆனால் அவளிடம் கேட்டு என்ன பதில் வரப்போகிறது. போட்டி நெருங்க நெருங்க அவர் சாப்பாடு குறைந்தது. எல்லாக் குண்டையும் கொட்டிவிட்டு அவளை மார்க்கு எழுதவே உட்காரவைத்துவிடலாமா என்றுகூட இரண்டு தடவை நினைத்தார். கட்டிலுக்கு அடியிலிருந்த பை மறுபடி கதவுக்குப் பின்னால் ஏறியிருந்ததைப் பார்த்தபோது அவரால் அதைச் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை. மலையில் பனி விலகி வெயில் வந்திருந்தது. பெரிய அண்டாவில் சில்லி கொதிக்க, அதற்கு வேறு யாரோ பொறுப்பு. நெல்டாவின் முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் தங்கள் வண்டிக்குப் போய் ஐஸ் பெட்டியைத் திறந்து மூடியதை வெர்லின் பார்த்தார். சோடா எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் கோட்டில் போய் நின்றாள். டுவேன் குரல் கொடுத்தார். "வரிசை தயார். ஆரம்பிக்கலாம்."

எல்லோரும் கோழிகளைப் பார்த்தார்கள். வெர்லின் மட்டும் தரையைப் பார்த்தார். நெல்டாவின் வலப்பக்கப் புல்லில் காலி உறை விழுந்தால் துப்பாக்கி வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒன்று விழுந்தது. தூரத்தில் தகரம் டங்கென்று கேட்டது. இரண்டாவது உறை விழுந்தது, தகரம் கேட்கவில்லை. மூன்றாவது. அந்த இடத்தில்தான் ஜூலையில் துப்பாக்கி கடித்துக்கொண்டது. உறை புல்லில் உருண்டது, தகரம் இதற்கும் கேட்கவில்லை. நாலாவதுக்கு அவள் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் வெர்லின் மனதுக்குள் எத்தனை சாமியைக் கும்பிட்டாரோ. டங். ஐந்தாவது. டங்.

முதல் ஐந்தில் மூன்று கோழி. நெல்டாவின் இத்தனை வருஷத்தில் இதைவிட மோசமான கணக்கு கிடையாது. கூட்டத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்து, அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். ஏழாம் தடத்தில் போய்வந்தவர்கள் அங்கே பாதிப்பேர்.

அவள் துப்பாக்கியைத் திறந்து காட்டி மேசையில் வைத்துவிட்டு அவரிடம் வந்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. அந்த முகத்தில் எப்போதும் எதுவும் தெரியாது.

"வலிச்சுதா?" என்று கேட்டார் வெர்லின். பதில் தெரிந்த கேள்விதான். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

நெல்டா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றித் தோள்பக்கம் கையை விட்டு, அவருடைய துணிப்பையை வெளியே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே ஒரு கட்டி வெண்ணெய், இன்னும் சில்லென்று இருந்தது.

வெர்லின் தாளைப் பிரித்தார். சட்டைப் பையிலிருந்து நகக்கீறல் போட்ட தீக்குச்சியை எடுத்துப் பள்ளத்தில் வைத்தார். அஞ்சு குண்டுக்கும் சேர்த்துப் பள்ளம் கீறலைத் தொடவில்லை.

"கதவைவிடக் கம்மி" என்றாள் நெல்டா. "நான் சொன்னா நீ நம்பமாட்டேல்ல."

எங்கள் ஊரில் வெர்லின் அழுது யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தோம். நெல்டா அவர் முகத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள். டுவேன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குக் கோழி நிறுத்தச் சொல்லிக் கத்தினார்.

"இன்னும் அஞ்சு கோழி பாக்கி இருக்கு, வெர்ல். போய் இன்னொரு கட்டி எடுத்துட்டு வா" என்றாள் நெல்டா.

வெர்லின் வண்டியை நோக்கி நடந்தார். ஐஸ் பெட்டிக்குள் பள்ளமே விழாத வெண்ணெய்க் கட்டிகள் ஒரு டஜன் அடுக்கியிருந்தன. எல்லாம் அவள் வாங்கி வைத்தவை.